பதினோரு மணி இருபது நிமிடம்

ஹரித்ராநதி தென்கரை,
பல் மருத்துவமனைக்கு மேல்மாடி.
கனடா, அமெரிக்கா, அயர்லாந்து என்று
பலகையில் போட்டிருக்கும்.
உள்ளே நான்கு நாற்காலி, ஒரு பிரிண்டர், நான்.
பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும் கட்டுரைகளை
எழுதுகிறவள்.

ஜெயவர்ஷன், ரைஸ்மில்காரர் மகன்.
பதினாறு முடிந்த மறுமாதமே சேர்த்துவிட்டார்கள்.
சனிக்கிழமை இருட்டோடு சேலத்துக்குக் கார்,
ஒரு மணி நேரம் பறக்கப் பதினைந்தாயிரம்,
டிரைவர் பேட்டா தனி.
அட்டை போட்ட லாக்புக்கை மேசையில் வைத்தான்.
கூட்டிப் பார்த்தேன்.
பதினோரு மணி இருபது நிமிடம்.
வரிக்கு வரி பயிற்றுநர் கையெழுத்து.

"மேல போனதும் என்ன தோணிச்சு தம்பி?"
"வாந்தி வந்துச்சுக்கா."
கொஞ்ச நேரம் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"ரேடியோ பிடிச்சுது.
அவங்க சொல்றத நாம திருப்பிச் சொல்லணும்.
சரியாக் காதுல விழுந்துச்சான்னு பாத்துட்டுத்தான் விடுவாங்க.
வீட்ல யாரும் அப்படிப் பேசுறதில்ல."

அதை நான் எழுதவில்லை.
கல்லணையில் பிரிந்த தண்ணீர்
கடைமடைக்கு வருவதற்குள் நூலாய் இளைப்பதை
மேலிருந்து கண்டேன், அன்றே முடிவு செய்தேன்
என்று எழுதினேன்.
அவன் சுற்றியது சேலத்து ஓடுதளத்தை.
கடைமடை என் கைச்சரக்கு.
ஆறு வராத வருஷம்
அப்பா நாற்றங்காலில் மாட்டை அவிழ்த்துவிட்டு
வரப்பிலேயே நின்றார்.
நானும் கீழேதான் நின்றேன்.
கீழே நின்றவள் கட்டுரையை
எந்தக் கல்லூரியும் கேட்டதில்லை.

அவன் அப்பா போனில்:
"டாக்டர் பையனும் பறக்குறானாமே.
இது போதுமா? வேற எதும் சேக்கணுமா?
குதிரை கிதிரை?"

செவ்வாய் சாயங்காலம் சங்கவி வந்தாள்,
கோட்டூர்ப் பக்கம், அரசுப் பள்ளி.
சட்டையில் பூச்சிமருந்து வாசம்.
முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே போக முடியும்;
எங்கள் கட்டணத்தில் பாதி இப்போது, மீதி அறுப்புக்கு அப்புறம்.

"பொழுதுபோக்கு?"
"பொழுது கெடச்சா தூங்குவேன்."
"வேற?"
"டிரோன் விடுவேன்."

மாமா கடனில் வாங்கியது. லைசென்ஸ் அவர் பெயரில்.
அவருக்குக் கை நடுக்கம்.
ஏக்கருக்கு ஐநூறு.
வாடை திரும்பினால் மருந்து யார் வயலுக்குப் போகும்,
கொக்குகள் எந்நேரம் எழும்,
எந்த மின்கம்பி தொய்ந்து கிடக்கிறது,
எல்லாம் சொன்னாள், நான் கேட்காமலே.
"மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருப்பே?"
"மணிக்கணக்கு தெரியாதுக்கா.
இந்தச் சம்பாவுக்கு முந்நூத்திநாப்பது ஏக்கர்."

வயது கேட்டேன். பதினேழு.
டிரோனுக்குப் பதினெட்டு ஆக வேண்டும்.
எழுதினால் மாமா மாட்டுவார்.
அவளே புரிந்துகொண்டு பேனாவை மூடினாள்.

ஃபெலிக்ஸ் சார் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"மாமாவுக்கு ஒத்தாசைன்னு போடும்மா.
ஆனா ஆர்வம்ங்கிற கட்டத்துல போடாதே,
காசு வாங்குறா இல்ல? அது வேலை."
போட்டேன்.
இன்னும் நூற்றிருபது சொல்லுக்கு இடம் காலியாக இருந்தது.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.

மார்கழிக் கடைசி.
எட்டரை மணிப் பேருந்து வாய்க்கால் பாலத்தில்
லாரிக்கு வழிவிட்டு நின்றது.
ஜன்னலுக்கு வெளியே பச்சை,
அதன் தலைமேல் ஆள் உயரத்தில்
ஆறு விசிறிகளோடு ஒன்று வந்துகொண்டிருந்தது.
இந்த வரப்பில் சங்கவி, கழுத்தில் ரிமோட்.
அந்த வரப்பில் ஒரு பொடியன், தம்பியாக இருக்கும்,
கையில் சிவப்புத் துண்டு.

"கம்பி வருது!"
"கம்பி வருது!"
"திருப்பப் போறேன்!"
"திருப்பப் போறே!"

அவள் சொல்வதை ஒன்று விடாமல்
அவன் திருப்பிச் சொன்னான்.
லாரி போய்விட்டது.
கண்டக்டர் மீதிச் சில்லறையை என் கையில் திணித்து,
"எங்கம்மா பார்வை?" என்றார்.